நீல ஏரிக்குச் சோப்பு கொண்டு போன ரட்ணம்

ரட்ணம் இன்று காலை இறந்துவிட்டான்.

அவன் மகன்தான் எனக்குப் போன் எடுத்தான். "அங்கிள்... டாட் பாஸ்ட் அவே."

என் கடைக்கு வந்து போகிறவர்களுக்கு ரட்ணத்தைத் தெரியும், பின்னால் கதிரை போட்டு இருந்து எல்லாரையும் நக்கலடிப்பவன். எழுபதுகளில் சிட்னிக்கு வந்த புதிதில், லிட்கம் பக்கம் ஒரு ஃபாக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன்.

நான் அப்போதே சனி ஞாயிறுகளில் கார் டிக்கியில் மிளகாய்த்தூளும் கருவாடும் வைத்து விற்கத் தொடங்கியிருந்தேன். அவன் எனக்கு வைத்த பட்டம் "கருவாட்டு முதலாளி".

உள்ளதைச் சொல்கிறேன். காலையிலிருந்து எனக்குத் துக்கத்தை விடப் பயம்தான் கூட இருக்கிறது. அந்த மலையில் பட்ட அதே பயம்...

ஒரு கிறிஸ்மஸ் லீவுக்கு ஃபாக்டரி பூட்டியிருந்தது. ஸ்னோயி மலைக்கு மேலே நீல நிறத்தில் ஏரிகள் இருக்கு, ஒரே நாளில் நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று ஃபோர்மன் சொல்லியிருந்தான்.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்து ஆட்கள். மலை ஏறிப் பழக்கமில்லை, ஆனால் வன்னியில் ஒரு குளத்தைக் கண்டால் இறங்கிக் குளிக்காமல் வந்ததும் இல்லை.

ஆகவே பையில் வைத்தது: சாறம், துவாய், சோப்பு, புட்டும் பொரித்த மீனும். கோட் இல்லை. இந்த நாட்டில் டிசம்பர் கோடைகாலம்தானே!

காரை விட்டு ஆற்றுக்கு இறங்கி, கல்லுக்குக் கல் தாண்டி, மறுபக்கம் ஏறினோம். ஏற ஏற மூச்சு நெஞ்சில் நிற்கவில்லை.

நீல ஏரி... கரையோரம் இன்னும் பனிக்கட்டி கிடந்தது. ரட்ணம் சாறத்தைக் கட்டிக்கொண்டு, கையில் சோப்போடு ஒரு காலை வைத்தான். வைத்த வேகத்திலேயே எடுத்தான்.

"மச்சான், இதுக்குள்ள இறங்கினா நேர சவப்பெட்டிதான்."

அதோடு திரும்பியிருக்கலாம். "அடுத்த ஏரியையும் பாப்பம். இவ்வளவு பெற்றோல் அடிச்சு வந்தது ஒண்டுக்கே?" என்றான். காசுக்கணக்குப் பார்க்கிற நான் சொல்லவேண்டிய கதை, அவன் முந்திவிட்டான்.

மலை முதுகில் ஏறி நின்றபோது கீழே அந்த ஏரி ஒரு கிண்ணம் மாதிரித் தெரிந்தது. நாங்கள் நின்ற பக்கம் செங்குத்துச் சரிவு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடியது.

என் கையை நீட்டினால் என் கை தெரியவில்லை. மழையா பனியா என்று தெரியாத ஒன்று முகத்தில் அறைந்தது. அந்தச் சரிவு எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

சாறத்தைத் தலையில் சுற்றிக்கொண்டோம்.

"நான் முன்னுக்குப் போறன். கூப்பிடுவன், நீ ஓம் எண்டு சொல்லு. வாயைப் பொத்திக்கொண்டு வராத" என்றான் ரட்ணம்.

"நான் சொல்றது உனக்குக் கேக்காட்டி?"

"நிப்பன்."

"எவ்வளவு நேரம் நிப்பாய்? ரெண்டுதரம் கூப்பிட்டுப் பாத்திட்டுப் போயிடுவியோ?"

"டேய் கருவாட்டு முதலாளி, உயிர் போற நேரத்திலயும் பேரமே?"

"ஓம். சொல்லு."

"உன்ர ஓம் கேக்குமட்டும் ஒரு அடி வைக்கமாட்டன். போதுமே?"

இறங்கினோம். அவன் "டேய்" என்பான், நான் "ஓம்" என்பேன். டேய்... ஓம்... டேய்...

திடீரென்று என் கால் தரையில் கிடந்த பனிக்கட்டிக்குள் தொடைவரை போய்விட்டது. கீழே மிதிக்க ஒன்றும் இல்லை. எங்கோ அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

அவன் கூப்பிட்டான். குளிரில் என் தாடை பூட்டிக்கொண்டது, சத்தம் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டான். தூஷணத்தில் கூப்பிட்டான். பிறகு அழுதுகொண்டு கூப்பிட்டான்.

ஆனால் அந்தக் குரல் தூரப் போகவே இல்லை. ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கடைசியில் என் வாயிலிருந்து ஏதோ ஒரு முனகல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். பனியில் படுத்துக்கொண்டு சாறத்தின் ஒரு நுனியை எறிந்து இழுத்தான்.

ஆற்றுச் சத்தம் கேட்ட பக்கமாக இறங்கிக் கார் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். காருக்குள் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் புட்டைத் தின்றோம். பாதி சீட்டில் கொட்டுண்டது.

வீட்டில் மனுசிமார் கேட்டார்கள், "குளிச்சனீங்களே?"

"தண்ணி சரியில்லை" என்றான் ரட்ணம்.

பிறகு சிட்னியில், மேய்ஸ் ஹில் கோயில் தேர்த் திருவிழாச் சனத்துக்குள்ளும் என்னைத் தவறவிட்டால் அவனுக்கு அதே "டேய்"தான். ஐயர் திரும்பிப் பார்ப்பார். நான் எங்கே நின்றாலும் "ஓம்" சொல்லியாகவேண்டும்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மாஸ்க்கை விலக்கி, "பயமாக் கிடக்கு மச்சான்" என்றான். எனக்கும் என்றேன்.

"புட்டு கொண்டு வரட்டோ?"

"சோப்பும் கொண்டு வா."

சிரித்தோம். அதுதான் கடைசி.

இறுதிக் கிரியை விபரத்தை அவன் மகன் இங்கே போடுவான். இப்போது அந்த "டேய்" கேட்கவில்லை. அவன் எந்தப் பக்கம் போனான் என்று தெரியாது, என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

போயிட்டு வா ரட்ணம்... மலையில பேசினது பேசினதுதான்.

முன்னுக்குப் போறவன் கூப்பிடவேணும். பின்னுக்கு வாறவன் ஓம் சொல்லவேணும். அந்த ஓம் கேக்குமட்டும் முன்னுக்குப் போறவன் ஒரு அடி வைக்கக்கூடாது.