பின் சக்கரம்

ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் அமைதி என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஊசி விழுந்தால் காதுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். சோபா இடுக்கில் ஊசி, குளியலறை மிதியடியில் ஊசி, ஒருமுறை என் சட்டைக் காலரிலேயே ஊசி. அந்த ஊசியோடேயே அன்று முழுவதும் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன். என் மனைவிக்குத் தையல் பொழுதுபோக்கு. எனக்கு அது பொறுமைப் பரீட்சை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். பகலெல்லாம் அணுக்களை எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து துணியில் ஓட்டைகளை எண்ணுவாள். சாப்பாட்டு மேசையை மூன்று வருடமாக ஒரு போர்வை பிடித்துவைத்திருக்கிறது. பழைய துணிகளை முக்கோணங்களாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. பாதிதான் ஆகியிருக்கிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டோம். சுவரில் சாய்த்துவைத்த கிராஸ் ஸ்டிச் ஆந்தை ஒன்று இரண்டு வருடமாக ஒற்றைக் கண்ணோடு என்னையே பார்க்கிறது. "இன்னொரு கண்ணையும் வெச்சுடேன், பாவம்" என்றால், "அந்தக் கலர் நூல் தீந்துபோச்சு" என்பாள். நூல் வாங்கப் போனவள் புதிதாக ஒரு மீன் படத்தோடு திரும்பி வருவாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நூலிழை பிசகினாலும் என் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் பட்டது வாயில் வந்துவிடும். கடையில் அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதை அடக்கி வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

எங்களுக்கு மேல்மாடியில் ஆறாம் நம்பர் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறவர், கணவர் இல்லை, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் மூன்று மணிக்குத் தையல் பையோடு கீழே இறங்கி வருவார். இவள் கை ஓடும், வாய் மூடியிருக்கும். அக்காவுக்கு வாய்தான் ஓடும், நடுநடுவே கையும் கொஞ்சம் ஓடும். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தபால் நிலையத்துக்கு வருகிறவர்களின் கதைகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். வாரத்தில் எனக்கும் பிடித்த மூன்று மணி நேரம் அது.

கிராஸ் ஸ்டிச் என்பது பெரிய வித்தை இல்லை. ஓட்டை ஓட்டையான துணியில், படத்தாளைப் பார்த்து எண்ணி எண்ணி, பெருக்கல் குறி மாதிரி போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். ஆனால் ஒரு நியமம் உண்டு. ஒவ்வொரு குறியிலும் மேலே வரும் கோடு ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இவளுடைய ஐயாயிரம் தையலும் ஒரே பக்கம் சாயும். அக்காவுடையவை பேச்சு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாயும். போதாததற்குப் பின்பக்கத்தில் எங்கே பார்த்தாலும் முடிச்சு. இவள் முடிச்சே போட மாட்டாள், நூல் நுனியைத் தையலுக்குள்ளேயே நுழைத்துவிடுவாள். அக்காவின் துணியைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குக் கை துறுதுறுக்கும். ஆனாலும் ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருடம் அக்கா ஒரு சைக்கிள் படம் ஆரம்பித்தார். கூடை நிறையப் பூவோடு, மதில் மேல் சாய்ந்து நிற்கும் சைக்கிள். மகள் வாங்கிய புது வீட்டின் முன்னறைக்கு. பின் சக்கரத்தை முடித்துவிட்டார். அந்த வாரமே தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவரின் கை மேசையிலேயே நின்றுவிட்டது. வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள், நடக்கப் பழகிவிடுவார் என்றார்கள். கையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் டாக்டர் வேறு ஏதோ சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் மகள் ஒரு நாள் அந்தத் தையல் பையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மாவால இனிமே முடியாதாம். நீங்கதான் முடிச்சுத் தரணும்னு சொல்லச் சொன்னாங்க."

இவள் துணியை விரித்தாள். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். சக்கரம் ஓர் ஓட்டை தள்ளிப் போயிருந்தது. அதனால் கீழ்ப்பக்கம் லேசாகச் சப்பியிருந்தது.

"என்ன, பின் சக்கரத்துல காத்தே இல்ல போலிருக்கு. பஞ்சர் வண்டியக் குடுத்துட்டாங்க உங்கக்கா" என்றேன்.

வீடு கலகலப்பாக இருக்கட்டும் என்று சொன்னது அது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மூன்று வாரத்தில் யாரும் சிரிக்கவே இல்லை. அவளும் சிரிக்கவில்லை. துணியை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது அவள் சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு சக்கரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முடிச்சாக வெட்டி, நூலை இடுக்கியால் இழுத்து, மடியில் ஒரு காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓர் ஓட்டை தள்ளியிருக்கு. சைக்கிள் சட்டத்தோட சேராது" என்றாள், நான் கேட்காமலே.

"சட்டத்தையும் ஒண்ணு தள்ளிப் போட்டா சேராதா?"

"சேரும்" என்றாள். ஆனாலும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரித்தது நாலு நாள், மறுபடி போட்டது ஒன்பது நாள். அச்சில் அடித்த மாதிரி வட்டமாக வந்திருந்தது. "இப்ப ஓடும்" என்று நானே பாராட்டினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா இறங்கி வந்தார். பதினெட்டுப் படி, கைத்தடி ஒரு கையில், மகள் மறு பக்கம். வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு முதலில் கேட்டது அந்தத் துணியைத்தான். இவள் கொடுத்தாள். அக்கா இடது கையால் அதை மடியில் விரித்து, சக்கரத்தின் மேல் விரலை ஓட்டினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதையேதான் நெனச்சிட்டிருந்தேன். எங்கயோ எண்ணிக்கைய விட்டுட்டேன், கோணிப்போச்சுன்னு. பரவாயில்லையே! எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு." அவர் கண் நிறைந்துவிட்டது. "இந்தக் கை கடைசியாப் போட்டது இதுதான். கடைசி கடைசியா நல்லாத்தான் போட்டிருக்கு."

நான் இவளைப் பார்த்தேன். இவள் தரையைப் பார்த்தாள். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். நான் டீ போடப் போனேன்.

அக்கா மகளிடம் அதைப் படமெடுக்கச் சொன்னார். தபால் நிலையத்தில் எல்லோருக்கும் அனுப்பினார். கொஞ்ச நாள் தன்னிடம் இருக்கட்டும் என்று துணியையும் மாடிக்கு எடுத்துப்போனார். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் காட்டியிருக்கிறார். இப்படித் தைத்த கை சும்மா இருக்காது, திரும்பி வந்துவிடும் என்று அந்தப் பெண் சொன்னாளாம். இதையெல்லாம் அக்கா போனில் சொல்லச் சொல்ல இவள் "ம்" கொட்டிக்கொண்டிருப்பாள். பேசி முடித்ததும் போய் முகம் கழுவுவாள்.

பிறகு இவள் தைப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் நான் வந்தபோது சாப்பாட்டு மேசை காலியாக இருந்தது. போர்வை அலமாரிக்குள் போய்விட்டது. மூன்று வருடமாக நான் கேட்ட மேசை. அதில் தட்டை வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. வெறுங்காலோடு வீடு முழுக்க நடந்தேன், ஓர் ஊசி குத்தவில்லை. குத்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அது அவங்க கையி. நான் வெட்டிப்போட்டுட்டேன்" என்றாள் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டே. "ஓட்டைய எண்ணத் தெரிஞ்ச எனக்கு இது தெரியலயே."

"வேணும்னேவா பண்ணினே?"

"கோணலாப் பாக்க முடியல. ஆறு வருஷமா முடியல. கைக்குக் கிடைச்சதும் பண்ணிட்டேன்." வாயைக் கொப்பளித்தாள். "சொல்லிடலாம்னு இருக்கேன்."

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். துணைக்கு நானும் மாடி ஏறினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ரப்பர் பந்தை வலது கைக்குள் வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். இவள் உட்காரவில்லை. நின்றபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நான்தான் பிரித்தேன், எனக்குக் கோணலாகத் தெரிந்தது, உங்களிடம் கேட்கவில்லை, நீங்கள் கையை வைத்துப் பார்த்தபோதும் சொல்லவில்லை.

அக்கா பந்தை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"எல்லாத்தையுமா?"

"ஆமாக்கா."

"ஒண்ணுகூட விடலையா?"

இவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அக்கா பக்கத்திலிருந்த துணியை எடுத்து, இடது கையாலேயே தட்டுத்தடுமாறிப் பின்பக்கம் திருப்பினார். சக்கரத்தின் பின்பக்கம் முழுக்கத் தடவினார். முடிச்சைத் தேடுகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"அந்த நூலெல்லாம் எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்கா."

"சரி" என்றார் அக்கா. "கதவச் சாத்திட்டுப் போங்க."

அவள் அங்கே சொன்னதில் என் பெயர் வரவே இல்லை. பஞ்சர் என்று ஒருவன் சொன்னான், அதைக் கேட்டுத்தான் துணியை விளக்குக்குக் கொண்டுபோனேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது பொய்யும் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன், சாட்சிக்கு வந்தவன் மாதிரி. படி இறங்கும்போது அவளிடம் "ஏன் என்னை விட்டுட்டே?" என்று கேட்க நினைத்தேன். அவள் அழுதுகொண்டே இறங்கியதால் அதையும் கேட்கவில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று, உண்மையைச் சொன்னால்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மகள் இல்லை, அக்கா தனியாகவே இறங்கி வந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. காலி மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்து, கழுத்தில் மாட்டியிருந்த பையை இவள் பக்கம் தள்ளினார்.

"அந்தச் சக்கரத்தப் பிரி."

"அக்கா..."

"உனக்குப் பிரிக்க நல்லா வருமே. பிரி. நான் போடுறேன், இடது கையால."

இவள் கத்தரிக்கோலை எடுத்தாள். தன் சொந்தச் சக்கரத்தை, அச்சில் அடித்த மாதிரி இருந்ததை, அக்கா பார்த்துக்கொண்டிருக்கவே பிரித்தாள். முடிச்சே இல்லாததால் பிரிப்பதும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு யாரும் தொடாமலே டீ ஆறிப்போயிற்று.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. சக்கரத்தில் கால்வாசி ஆகியிருக்கிறது. இவள் ஊசியில் நூலைக் கோத்துக் கொடுக்கிறாள். அக்கா ஊசியைக் குத்தி, கீழே இருந்து இழுத்து, மறுபடி ஓட்டையைத் தேடுகிறார். துணி மாட்டிய மர வளையத்தை ஒரு கையால் பிடிக்க முடியாததால் அது என் வேலை. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. போர்வையும் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. இவள் அதைத் தைத்துக்கொண்டே அக்காவின் தையலைப் பார்ப்பாள், கை துறுதுறுக்கும், இரண்டு கையையும் போர்வைக்கு அடியில் விட்டுக்கொள்வாள்.

போன சனிக்கிழமை அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, கண்ணாடிக் கடைக்காரர் கண்ணு உங்களுது. பொய் சொல்லாமச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

தையல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தது. அதே இடத்தில், அதே மாதிரி, ஓர் ஓட்டை தள்ளிப் போயிருந்தது. இவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"பஞ்சர் ஆன மாதிரி இருக்குக்கா" என்றேன். "அன்னிக்கும் இதையேதான் சொன்னேன். பை வந்த அன்னிக்கு. நான் சொல்லித்தான் இவ எடுத்துப் பார்த்தா."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"இத நீ சொல்லலையே."

இவள் போர்வையின் ஒரு முக்கோணத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அவ ரெண்டு பேரு தப்பையும் சேத்துத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்திருக்கா" என்றார் அக்கா என்னிடம். "நீங்க பின்னாடி கையக் கட்டிட்டு நின்னீங்க."

"ஆமாக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் ஊசியை எடுத்து, தள்ளிப்போன அந்த இடத்திலேயே அடுத்த தையலை ஆரம்பித்தார்.

"வளையம் ஆடுது" என்றார். "ரெண்டு கையாலயும் பிடிங்க."

பிடித்துக்கொண்டேன்.