ஆறுதலாக எழும்பிய கட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த நான், கொட்டாஞ்சேனையில் ஒரு தகரக் கொட்டிலில் ஒற்றை உளியோடு தொடங்கிப் பட்டறை கட்டினேன். கலவரத்தில் எரிந்தது. அதே இடத்தில் மாடி வைத்துத் திரும்பக் கட்டினேன். வெள்ளவத்தையில் தளபாடக் கடை போட்டேன். இரண்டு தேவாலயங்களுக்கு ஆட்கள் இருக்கிற வாங்கு பெஞ்சுகளும், ஒரு கோயிலுக்குக் கதவும் செய்தேன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜாஸ் மெட்டிலும் என் கை இருப்பதுதான் தெரியாது.

அந்த மெட்டைக் கட்டியவர் கொழும்பில் ஜாஸ் வாசித்த முதல் ஆட்களில் ஒருவர். கல்கிசையில் ஒரு கடலோர ஹோட்டலில் பின்னேரங்களில் பியானோ வாசிப்பார். மெட்டும் தானே கட்டுவார். உப்புக் காற்றில் உள்ளே ஏதோ மரத்துண்டு கழன்று, நடுவில் ஒரு கட்டை விரலால் அமத்தினால் திரும்ப எழும்பாமல் கிடந்தது. பியானோ திருத்துகிறவர் ஊரில் இல்லை. தச்சு பாஸ்தானே என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதுவும் மரம்தானே என்று நானும் போனேன். கதிரைக் காலுக்கு ஒட்டுகிற மாதிரி வச்சிரப் பசையைக் காய்ச்சித் தாராளமாகப் பூசினேன். அது மூட்டுக்குள்ளும் ஊறி, கடற்காற்றுக்குப் பிசுபிசுத்துவிட்டது. கட்டை எழும்பியது, ஆனால் மெள்ள மெள்ள, ஆறுதலாகத்தான் எழும்பியது.

மறுநாள் ஏச்சு வாங்கத் தயாராக, சுரண்டுவதற்கு உளியும் கொண்டு போனேன். அவர் அந்தக் கட்டையையே திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருந்தார்.

"பாஸ், உளியை வையும். இது மூச்சு எடுக்குது. எடுக்கட்டும்."

அந்தக் கட்டைக்குக் காத்திருந்து காத்திருந்தே ஒரு மெட்டுக் கட்டினார். ஓடிக்கொண்டிருக்கிற மெட்டு ஓரிடத்தில் நின்று, யாரையோ பார்த்துவிட்டு, திரும்ப நடக்கும். வேலை முடிந்து பஸ் ஏறிப் போய், ஹோட்டல் சமையல் குசினிக் கதவடியில் நின்று கேட்பேன். அந்த இடம் வரும்போது அவர் கதவுப் பக்கம் ஒருதரம் பார்ப்பார். அவர் இறந்து போய் எத்தனையோ வருஷம். எத்தனையோ கதவு செய்துவிட்டேன். அப்படி நின்று கேட்க ஒரு கதவு இல்லை.

போன மாதம் வெள்ளவத்தை மண்டபமொன்றில் அவருடைய மகள் அந்த மெட்டுகளை வாசித்தார். பழைய கசெட்டைக் கேட்டுக் கேட்டு எழுதினவையாம். முன்வரிசையில் இருந்தேன். அந்த இடம் வந்தது; நிற்காமல் ஓடிவிட்டது. முடிந்ததும் மேடைக்கே போய், அந்த இடத்தில் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

"கசெட் இழுபட்டதெண்டு நினைச்சு நாங்கதான் சரியாக்கினனாங்க, அங்கிள்."

"கசெட் இல்லை பிள்ளை. அது என்ர வச்சிரம்."

கட்டையும் வச்சிரமுமான கதையைச் சொன்னேன். கதிரைகளை மடித்து அடுக்குகிற சத்தத்துக்குள்ளே அவர் திரும்பப் பியானோ முன்னால் இருந்து, அந்த இடத்தில் நிறுத்தி வாசித்தார். நான் என்னையறியாமல் கதவடியில் போய் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. தகப்பன் கதவுப் பக்கம் பார்ப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது அதை இசைத்தட்டாகப் போடப் போகிறார்கள். வாசித்தவர், பதிந்தவர், மண்டபம் தந்தவர் எல்லாருடைய பெயரும் அட்டையில் வருமாம். மெட்டு தகப்பனுடையது, அதில் நான் பங்கு கேட்கவில்லை. அந்த நிற்பு கொட்டாஞ்சேனைத் தச்சனுடையது. அதை அட்டையில் போடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற எனக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள்.