உரக் கொட்டகைக்குப் பின்னால் பூப்பந்து

இனிப்பு நீர், அதாவது சக்கரை வியாதி, என்று டிரெஸ்ஸர் சொன்னபோது என் கூட்டாளிக்கு முப்பத்தாறு வயது. எண்பதுகளின் தொடக்கம் அது. தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கை நடத்தியவர் டிரெஸ்ஸர். எங்களுக்கு டாக்டரும் அவர்தான். மேசையை விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்.

"மாத்திர பாதி, வேர்வ பாதி. ஒடம்பு ஆடணும். ஒக்காந்தே இருந்தா ஒருநா கால எடுத்துடுவாங்க, பாத்துக்க."

உட்கார வைத்தது யார்? மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அவள். மழை ஈரத்தில் சறுக்கி முட்டி பிசகியதும் ஃபேக்டரிக்கு மாற்றி, தூளிலிருந்து தண்டு பொறுக்க உட்கார வைத்தார்கள். நான்கே வருடத்தில் சட்டைப் பொத்தான் எட்டாத உடம்பாகிவிட்டது.

தோட்டத்தில் சிநேகிதியைத்தான் கூட்டாளி என்பார்கள். எங்களுக்குள் அந்தச் சொல் அதைவிடப் பெரியது. ஒன்பது வருடமாக ஒரே லயத்து வரிசை வீட்டில், ஒரே பாயில் வாழ்ந்துகொண்டிருந்தோம். அவள் முடியைக் கட்டையாக வெட்டி ஆண்சட்டை போடுவாள். லயத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நேரில் "அக்காவும் தங்கச்சியும் மாதிரி" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

டிரெஸ்ஸர் துரையிடம் பேசி, பெண்களுக்கென்று சாயங்காலத்தில் பூப்பந்து ஏற்பாடு செய்தார். தோட்டத்து மண்டபத்தில் வெள்ளைக்கோடு போட்டு வலை கட்டினார்கள். நாங்களும் போனோம். முதல் வாரம் அவள் மூச்சு வாங்க வாங்க அடித்தாள். எதிரில் நின்ற பெண்கள்கூட அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். இரண்டாம் வாரம் கிராணியம்மா, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் இனிமே வராதீங்க லா. பின்னால ரூம்புல பொம்பளைங்க துணி மாத்துறாங்க. சங்கடப்படுறாங்க."

"நாங்க மட்டும் யாரு?" என்றேன். "நாங்களும் பொம்பளைங்கதானே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே பந்தடிக்கும் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு நான் பிரசவத்தில் கூட இருந்தவள்.

சரி, ரோட்டில் நடக்கலாம் என்று ரிங்லெட் ஊர்ப் பக்கம் நடந்தோம். காய்கறி லோரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து விசிலடித்தார்கள். ஒருவன் அழுகிய கோசு ஒன்றை எறிந்தான். அது அவள் தோளில் பட்டுச் சிதறியது. வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைத்துக் காயப்போட்டவள் அதோடு நடப்பதை விட்டாள்.

அடுத்த மாதம் சக்கரை ஏறியிருந்தது. "சோம்பேறித்தனம்" என்றார் டிரெஸ்ஸர். நான் எழுந்து நின்றேன்.

"வேர்க்கச் சொல்றீங்களே, எங்க போயி வேர்க்கிறதுன்னு சொல்லுங்க. மண்டபத்துல வாசல்லயே மறிக்கிறாங்க, ரோட்டுல அடிக்கிறாங்க."

"அது மண்டபக் கமிட்டி விசயம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரை பங்களாவில் சமைக்கிற அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். நாற்பது தாண்டியவர், கல்யாணம் செய்யாதவர். அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டி ஆண்கள் சிரிப்பார்கள். அவரையும் வாலிபத்திலேயே ஆட்டத்திலிருந்து ஒதுக்கியிருந்தார்கள். கையில் துரை வீட்டில் கழித்துப்போட்ட நான்கு ராக்கெட்.

"உரக் கொட்டகைக்குப் பின்னால தட்டையா எடம் இருக்கு. வர்றீங்களா?"

நான்காவது ஆள் கம்போங் ராஜா ஊரில் பூ விற்றவள். ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்ந்தவள். பஸ் பிடித்து வருவாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவாள். காய்கறித் தோட்டக்காரர்கள் நிழலுக்குக் கட்டும் கறுப்பு வலைதான் எங்கள் வலை. காற்று இறகுப்பந்தைத் தூக்கிக்கொண்டு போனதால் அண்ணன் அதன் தக்கையில் சின்ன ஆணி ஒன்றைச் செருகினார். பனி விலகியதும் ஆரம்பித்துப் பசிக்கிறவரை ஆடுவோம். தோற்றால் பூக்காரத் தங்கச்சி சண்டைக்கு வருவாள். என் கூட்டாளி அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை. சக்கரை இறங்கியது. பொத்தான் மறுபடி எட்டியது.

யாருக்கு என்ன கெடுதல் செய்தோம்? அந்த இடத்தில் ஆடுகூட மேயாது. ஆனாலும் ஒரு வாரம் வலையை அறுத்தார்கள். கட்டினோம். அடுத்த வாரம் புல்லுக்குள் பாட்டில்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். நாங்கள் பார்க்கவில்லை. அவளுடைய சிலிப்பர் தேய்ந்திருந்தது. நோயில் பாதம் மரத்தும் போயிருந்தது. குத்தியதுகூடத் தெரியாமல் ஆடி முடித்தாள். வீட்டில் கால் கழுவும்போதுதான் தண்ணீர் சிவந்தது.

புண் ஆறவில்லை. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று கால்விரல்களை எடுத்தார்கள்.

யார் போட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை. கிராணியம்மா பிஸ்கட் டின்னோடு பார்க்க வந்து, "இந்த வயசுல வெளையாட்டு எதுக்கு?" என்றார். டின்னை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, கதவைச் சாத்தினேன்.

பிறகு டிரெஸ்ஸர் மாறிப்போனார். புதிதாக வந்தவர் அவளுடைய கார்டைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார்.

"எக்சசைஸ் செய்ய மறுக்கிறாங்கன்னு இங்க எழுதியிருக்கே. வெரலு போனப்புறமாவது சொன்னதக் கேக்கக் கூடாதாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரிசையில் பாதித் தோட்டம் நின்றுகொண்டிருந்தது. எல்லார் காதிலும் விழும்படி மண்டபத்தைச் சொன்னேன், கோசைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன்.

"அந்த வரிய அடிங்க" என்றேன்.

"பழைய ரெக்கார்ட நான் அடிக்க முடியாதும்மா."

"அப்ப கீழ எழுதுங்க. நான் சொன்னத எழுதுங்க."

இங்கிலீஷில் ஏதோ எழுதினார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. வெளியே காத்திருந்த சமையல் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பங்களாவில் இங்கிலீஷ் எழுத்து பழகியவர். கார்டை வாங்கி, மெதுவாகப் படித்துச் சொன்னார்.

"பூப்பந்து வெளையாடுறாங்க. அவ்வளவுதான் போட்டிருக்கு, தங்கச்சி."

கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுபடி டிரெஸ்ஸரிடம் திரும்பினேன். என் கூட்டாளி கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு லா. ஞாயித்துக்கெழமைக்குப் பந்து இருக்கான்னு பாரு. நான் நாக்காலி போட்டு ஒக்காந்தே அடிக்கிறேன்."

அப்படியே அடித்தாள், இன்னும் ஆறு வருடம். அந்தக் கார்டு விசயத்தை நான் விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை.