கொக்கி இல்லாத நீல ஜீப்

ஆரணியில் பட்டுச்சேலைக் கடையில் நிற்கிற ஒருத்திக்கு, உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகக் கார்கள் மேல் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். எங்கள் வீட்டு பீரோவில் சேலைக்கு ஒரு தட்டு, கார்களுக்கு மூன்று தட்டு.

“ஒரே ஜீப்ப எதுக்குமா மூணு வாங்கி வெச்சிகினு கீற?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரே ஜீப்பா? ஒன்றுக்கு அடித்தட்டு உலோகம், இன்னொன்றுக்குப் பிளாஸ்டிக். ஒன்றுக்கு சீட் கறுப்பு, மற்றதுக்குப் பழுப்பு. மூன்றாவதன் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் லேசான நீலம் தெரியும். இதையெல்லாம் விளக்கினால் அக்கா கொட்டாவி விடுவார். கடையில் மட்டும், மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் அரைமணி நேரம் வித்தியாசம் பார்ப்பவரும் இதே அக்காதான்!

அந்த ஜீப்பைச் செய்த கம்பெனி நடுவில் அச்சை மாற்றிவிட்டது. புது அச்சில் வார்த்த ஜீப்புக்குப் பின்னால், வண்டியை இழுப்பதற்கு இருப்பதுபோல ஒரு கொக்கி இருக்கும். அரிசிக் குருணை அளவுதான். பழைய அச்சில் வந்தது மொழுக்கென்று இருக்கும். என்னிடம் இருந்த மூன்றுக்கும் கொக்கி உண்டு. கொக்கி இல்லாத நீல ஜீப்புக்கு நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. சிலர் கொக்கியை அரத்தால் ராவிவிட்டு, பழைய அச்சு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். என்னிடம் அந்த வேலை நடக்காது. ராவின இடத்தில் பூசிய பெயிண்ட், நகத்தால் தடவினாலே திட்டாகத் தட்டுப்படும்.

போன வருஷம், இப்படிக் கார் சேர்ப்பவர்களுக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேலூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அந்த நீல ஜீப்பின் படத்தைப் போட்டார். பின்பக்கப் படம். கொக்கி இல்லை! கடையில் வாடிக்கையாளர் முன்னால் ‘ஐயோ’ என்று கத்திவிட்டேன். அவர் குறைத்துக் கேட்ட விலைக்குத்தான் கத்துகிறேன் என்று அந்தம்மா நினைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் ஜீப்பை விற்கமாட்டாராம். மாற்றிக்கொள்வாராம். என்னிடம் இருந்த வெள்ளை ஆம்புலன்ஸ்தான் அவருக்கு வேண்டும். எல்லா ஆம்புலன்ஸிலும் சிவப்புக் கோடு ஓடும்; என்னுடையதில் ஆரஞ்சுக் கோடு. அதுவும் டப்பா பிரிக்காதது. ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார்.

ஆயுத பூஜை அன்று எங்கள் கடையில் பூஜை. பொரியும் கடலையும் பொட்டலம் போட்டு முடித்து வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கூடத்தில் வரிசையாகத் தலைவாழை இலைகள். அவற்றின் மேல் என் கார்கள் மொத்தமும். எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம். மூலையில் கிழிந்த டப்பாக்கள் குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நிற்கிறார். களம்பூர் ரைஸ்மில்லுக்கு லாரி ஓட்டுகிற மனுஷன்.

“இன்னாயா பண்ணி வெச்சிகீற!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

“பூஜதான போட்டேன்? டப்பாக்குள்ள வெச்சிகினே எப்படி பொட்டு வெக்கறது?” என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

ஆம்புலன்ஸைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கூரையில் குங்குமம் ஊறிப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ரோஜா நிறமாகப் பரவியதே தவிர போகவில்லை. என் ஜீப் போச்சு என்று உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். சோற்றைத் தட்டில் போட்டு டங்கென்று வைப்பதோடு சரி. பாவம், அவரும் சத்தம் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு லாரிக்குப் போய்விடுவார்.

வேலூர்க்காரருக்கு போன் செய்து, டப்பா பிரிந்துவிட்டது என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன். குங்குமத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “பரவால்லமா, நேர்ல பேசிக்கலாம்” என்று அவசரமாக வைத்துவிட்டார். இவ்வளவு சுலபமாக யாரும் பரவாயில்லை சொல்ல மாட்டார்களே என்று எனக்கு உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து இறங்கினார். காபி கொடுத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள், ஆம்புலன்ஸை அவர் முன்னால் வைத்து, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டி உடைத்துச் சொல்லிவிட்டேன். “சார், டப்பா மட்டும் இல்ல. இவரு பூஜ போட்டுட்டாரு. கூரையெல்லாம் கறை. வேணாம்னா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.” நினைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பேன்?

அவர் ஆம்புலன்ஸைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்தம்மா குபீரென்று சிரித்து, கைப்பையிலிருந்து நீல ஜீப்பை எடுத்து வைத்தார். முன்பக்கம் பானெட் நடுவில், பட்டாணி அளவுக்குச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம்!

“போன வருஷ பூஜைல நான்தாங்க வெச்சேன்” என்றார் அந்தம்மா. “வண்டிதான இது? அதுக்கு இந்த மனுஷன் என்கூட ஒரு வாரம் பேசல.”

“அதான் பின்பக்கமாவே போட்டோ எடுத்தேன்மா” என்று வேலூர்க்காரர் அசடு வழிந்தார். “நேர்ல சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன்.”

“நல்லா கேளு, நல்லா கேளு!” என்று என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான்கு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனாலும் விடுவேனா? லென்ஸை எடுத்து ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்தேன், நகத்தால் தடவினேன். ராவல் இல்லை. அசல் பழைய அச்சு. அவரும் ஆரஞ்சுக் கோட்டை முகத்தருகில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். வண்டிகள் கை மாறின. குழுவில் இருக்கிற மற்றவர்கள் இரண்டையும் குப்பை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து ஜீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷம். பேச்சும் தானாக வந்துவிட்டது. “நெசமா சொல்லு, இதுங்கள ஒரு நாளாவது நீ தொட்டது உண்டா? இந்த வருஷம் இன்னாத்துக்கு திடீர்னு பூஜ?” என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். “வருஷா வருஷம் என் லாரிக்கு நீதான பொட்டு வெக்கற? நான் நல்லபடியா திரும்பி வரணும்னு. ஒன் வண்டிக்கு யாரு வெப்பா?”

இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜீப்பைத் தரையில் வைத்து அவர் பக்கமாக உருட்டிவிட்டேன். அது ஜோராக ஓடி அவர் காலில் முட்டி நின்றது.