கால் எட்டாத போல்ட்

என் அக்காவைப் பார்த்து யாராவது "பாவம், ஒண்ணும் தெரியாத பொம்பள" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருப்பதற்கு அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கட்டின புருஷன் பகலெல்லாம் செய்த வேலையை, அவருக்கே தெரியாமல், முதலிலிருந்து மறுபடி செய்துகொண்டிருந்தவள் அவள். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள்.

மாமா கார் மெக்கானிக். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை. அதில் ஒன்றில் அவர்கள், மற்றதில் நான். நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன் என்பதால் யாரும் எடுப்பதில்லை. மாமாவுக்கு எல்லா வேலையும் தெரியும் என்றாலும், ஊரார் அவரைத் தேடிக்கொண்டு வருவது பிரேக்குக்குத்தான். "எஞ்சின் கெட்டா வண்டி வீட்டுல நிக்கும். பிரேக் கெட்டா எங்க நிக்கும்னு எவனுக்குத் தெரியும்?" என்பார். ஒவ்வொரு புது ஆளிடமும் இதையே சொல்லி அவரே சிரிப்பார்.

அவருடைய வலது கை இளைக்க ஆரம்பித்தது போன வருஷம். கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதை வற்றிப்போய்க் குழி விழுந்தது. டாக்டர் கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். போன பலம் திரும்பி வருவது கஷ்டம் என்றும் சொன்னார். மாமா வெளியே வந்து, "அந்த ஆளு ஸ்பேனரப் பிடிச்சிருக்கானா? ராத்திரி கைய மடிச்சுப் படுத்தேன், மரத்துப்போச்சு. இதுக்குப் போயி நரம்பு கிரம்புன்னு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டில் யாரும் அந்தக் கையைப் பார்க்கக்கூடாது என்பது சட்டமாகிவிட்டது.

அக்கா கண்டுபிடித்தது தற்செயலாக. மாமா இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போன ஒரு போல்ட்டில் கிரீஸ் வழிந்திருந்தது. துடைக்கப் போனாள். துணியோடு சேர்ந்து போல்ட்டும் சுழன்றது. அன்றைக்கு அவள் என் சோற்றில் குழம்புக்குப் பதில் மோரை ஊற்றினாள். காய்ச்சலா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். இரண்டு நாள் குடைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

சக்கரத்து நட்டுக்குப் பயமில்லை. ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி மிதித்தால் காலே இறுக்கிவிடும். காலிபர் அப்படி இல்லை. சக்கரத்தைக் கழற்றினால், பளபளவென்று ஒரு தட்டு இருக்கும். அதைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரும்புதான் காலிபர். வண்டியை நிறுத்துவதே அதுதான். அதைப் பிடித்துக்கொண்டிருப்பவை பின்பக்கம் ஒளிந்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்கள். குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கையை உள்ளே விட்டு, தோளிலிருந்து இழுத்தால்தான் அவை இறுகும். அங்கே கால் எட்டாது. ஸ்பேனரில் குழாயை மாட்டி நீட்டிக்கொள்ளலாமே என்றால், அந்த இடுக்கில் குழாய் திரும்பாது, மாமாவின் ரோஷமும் விடாது.

இறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பது மாமாவின் பழக்கம். போல்ட் கொஞ்சம் நெகிழ்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். அக்கா அந்த பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "நீங்க போய்ச் சாப்பிடுங்க, கோடு போடுறதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?" என்று அவரை அனுப்பிவிடுவாள். துடைக்கிற துணிக்குள் பெரிய ஸ்பேனரைச் சுற்றி வைத்திருப்பாள். அவர் கை கழுவும் சத்தம் கேட்டதும் காருக்கு அடியில் தலையை விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவாள். அதற்குப் பிறகுதான் கோடு. மாமா ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து கோட்டைப் பார்த்து, "பரவால்லயே, கோணாம போடுற" என்பார். எனக்கு அந்த ஸ்பேனரை எடுத்து அவர் முன்னால் போட வேண்டும் போலிருக்கும்.

"நேரா சொல்லித் தொலையேன்க்கா. என்னைக்காவது ஒருநாள் நீ இல்லாதப்ப வண்டி போயிடும். அப்ப என்ன பண்ணுவ?"

"நான் எங்கடி போகப் போறேன்?"

"அது ஒரு பதிலா?"

"அந்தக் கைய விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு, சொல்லு? அது போச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் உக்காந்துடுவாரு. உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு" என்பாள். எனக்குக் கோபம்தான் வரும்.

அவள் எங்கேயும் போகவில்லைதான். கடைவாய்ப் பல் போக வைத்தது. கன்னம் வீங்கி மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அன்றைக்குப் பட்டறையில் ஒரே ஒரு வாடகை கார். அதை ஓட்டுகிறவரை எல்லோரும் அலாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிற ஆள். முன்சக்கரம் இரண்டிலும் காலிபரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த பிரேக் பேட் மாற்றிப் பூட்ட வேண்டும். சாயங்காலம் கொடுத்தால் போதும், மதியத்துக்கு மேல்தான் தொடுவேன் என்று மாமாவே சொன்னார். அதை நம்பித்தான் அக்கா என் ஸ்கூட்டரில் ஏறினாள்.

பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை அடைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பட்டறை காலி. மாமா கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அலாரத்துக்கு திடீர்னு ஒரு சவாரியாம். கெஞ்சினாரு. சரின்னு முடிச்சுக் குடுத்துட்டேன்" என்றார். "கோடுகூட நானே போட்டுட்டேன். நீ இல்லன்னா பட்டறை நடக்காதா என்ன?"

அக்கா பெயின்ட் டப்பாவைப் பார்த்தாள். பிரஷ் இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தொட்டு, மஞ்சளான விரலை என்னிடம் காட்டினாள். வாயில் பஞ்சு, ஒரு சத்தமும் வரவில்லை. மூலையில் கிடந்த துணிச்சுருளை அள்ளிக்கொண்டு என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"எங்க போறீங்க?" என்றார் மாமா.

"மாத்திரை வாங்க மறந்துட்டோம் மாமா" என்றேன். இந்த வீட்டில் பொய் எனக்கும் பழகிவிட்டது.

தெருமுனையில் நிறுத்தி அலாரத்துக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டேன் என்பது அந்த ஆளின் விரதம். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவரை நான் திட்டாத திட்டு இல்லை. வாடகை கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய்க் கேட்டேன். "பெரிய ஆஸ்பத்திரியில இருந்து கால் ஒடிஞ்ச கேஸ் ஒண்ணு. மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடணுமாம்" என்றான் ஒருவன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "இப்பத்தான் ஏத்திக்கிட்டுப் போனாங்க" என்றார். மலைப்பக்கம் போவதற்கு ஒரே சாலை. ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஏற்றம். உச்சிக்குப் போய்விட்டால் அந்தப் பக்கம் முழுக்க இறக்கம்தான்.

நான் அப்படி வண்டி ஓட்டியதே இல்லை. அக்கா பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்திருந்தாள். வாய்க்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். சாமியைக் கும்பிடுகிறாளா, என்னை வேகமாகப் போகச் சொல்கிறாளா என்று புரியவில்லை. இவள் நேராகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த ஓட்டம் உண்டா? அந்தக் காருக்குள் இருக்கிறவர்கள் யாருக்கு என்ன பாவம் செய்தார்கள்? போய்ச் சேர்ந்தால் அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கன்னம் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

கேட் மூடியிருந்தது. வரிசையில் லாரிகளும் பஸ்ஸும் நின்றன. முன்னால், கேட்டை ஒட்டி, அலாரத்தின் கார் தெரிந்தது. எனக்கு உயிர் வந்த அதே நேரம் ரயிலின் கடைசிப் பெட்டி கடந்து கேட் மேலே எழும்ப ஆரம்பித்தது. இடைவெளியில் புகுந்து போனேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, என் ஹாரன் முப்பது ஹாரனில் ஒன்று. கார் நகர்ந்தது.

ஸ்கூட்டர் லேசானது. திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா குதித்து ஓடிப்போய் அந்தக் காருக்கு முன்னால் நின்றுவிட்டாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். எந்தக் கார் நிற்காது என்று பயந்து ஓடி வந்தாளோ அதே காருக்கு முன்னால்.

நான் கத்திய கத்தலில் என் தொண்டை கிழிந்தது. சக்கரத்துக்குள் டொக்கென்று இரும்பு இரும்பில் மோதும் சத்தம். கார் ஒருபக்கமாகத் திரும்பி, அவள் முழங்காலை உரசிக்கொண்டு நின்றது.

அலாரம் கதவைத் திறந்தபடியே விட்டு இறங்கினார். "ஏம்மா, சாக வேற வண்டி கிடைக்கலையா?"

அக்கா சத்தம் வந்த வலது முன்சக்கரத்தைக் காட்டினாள். காரை ஓரம் கட்ட வைத்து, அவருடைய ஜாக்கியையே வாங்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். நானும் அவரும் எட்டிப் பார்த்தோம். காலிபருக்குப் பின்னால் மஞ்சள் கோடு இரண்டாக முறிந்து, போல்ட்டில் பாதி ஒரு பக்கமும் இரும்பில் பாதி வேறு பக்கமும் நின்றது. கீழ் போல்ட் விரல் தொட்டதும் சுழன்றது. மேல் போல்ட் பாதிக்கு வெளியே வந்திருந்தது.

பின் சீட்டில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தவர், "என்ன ஆச்சு? நான் ஏற்கெனவே ஒருதடவை விழுந்து எந்திரிச்சவன்யா" என்றார். அவர் மனைவி அவர் வாயைப் பொத்தினாள்.

அலாரத்தின் முகம் சாம்பலாகிவிட்டது. "யாரு வேல இது?"

அக்கா பஞ்சைத் துப்பினாள். ரத்தத்தோடு விழுந்தது. "நான்தாங்க. அவரு பூட்டி வெச்சாரு. இறுக்க வேண்டியது நான். மறந்துட்டேன்."

"வீட்டுப் பொம்பளைய வெச்சா பிரேக் வேல பாக்குறான்?"

அவள் குனிந்து இறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் இறுக்கி முடிக்கும் வரை அவர் நிறுத்தவில்லை. என்னென்னவோ சொன்னார். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். நான் மூடிக்கொண்டேன். அவர் எங்கள் முன்னாலேயே மாமாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேஸ்திரி, உன் சம்சாரத்த இனிமே ஸ்பேனரத் தொட விடாத. இன்னைக்கு மூணு உயிர் போயிருக்கும். காலிபர் போல்ட்ட இறுக்காம விட்டுட்டேன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

பட்டறையில் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல் வந்தது. "சரிண்ணே. இனிமே தொட விடல."

அந்த போல்ட்டை யார் இறுக்கியது என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். அக்கா அந்த நேரத்தில் பக்கத்திலேயே இல்லை என்றும் தெரியும். அக்கா ஸ்பேனரைத் துடைத்துத் துணியில் சுற்றினாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசப் போவதை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். இன்றைக்கு விடுவதாக இல்லை.

மாமா பட்டறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய காலிபர் ஒன்றைப் மேஜையில் பூட்டியிருந்த இரும்புப் பிடியில் மாட்டி, அதில் ஒரு போல்ட்டை இறுக்கியிருந்தார். எங்களைக் கண்டதும் இடது கையால் அதைத் திருகினார். அது சும்மா சுழன்றது. மறுபடி வலது கையால், முகம் கோணி, கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினார். மறுபடி இடது கையால் திருகினார். சுழன்றது. எத்தனை முறை செய்தாரோ, சட்டை நனைந்திருந்தது. நான் வரிசைப்படுத்தியதெல்லாம் மறந்துபோனது.

"எல்லா வண்டியுமா?" என்று கேட்டார்.

அக்கா துணிச்சுருளை மூலையில் வைத்தாள்.

"கேக்குறேன்ல. நீ மறுபடி இறுக்குனது எல்லா வண்டியுமா?"

"ஆமாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் உன்னத் திட்டுறான். எனக்குத் தெரியுது யாரு தப்புன்னு. ஆனா வாயில 'சரி'ன்னுதான் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"விடுங்க. வாய் வலிக்குது, நாளைக்குப் பேசலாம்."

அவர் எழுந்து வந்து வலது கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். "நான் எவ்வளவு பலமா பிடிச்சிருக்கேன், சொல்லு."

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். கைக்குழந்தை பிடித்தால்கூட அதைவிட அழுத்தமாக இருக்கும் என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். அப்போது அவரிடம், "வலிக்குதுங்க" என்றாள். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

"பொய் சொல்லாத. முழு பலமும் போட்டுத்தான் பிடிச்சிருக்கேன். இவ்வளவுதான் இருக்கு."

அவள் வாய்விட்டு அழுதாள். வீங்கின கன்னத்தை மறு கையால் பிடித்துக்கொண்டு, வலியோடு அழுதாள். ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மாமா அவள் கையை விடாமலே என் பக்கம் திரும்பினார். "அலாரத்துக்கு போன் போடும்மா. நானே சொல்றேன்."

"நாளைக்குச் சொல்லிக்கலாங்க" என்றாள் அக்கா.

"நாளைக்குன்னா சொல்ல மாட்டேன்" என்றார். "இப்பவே போடச் சொல்லு."

நான் நம்பரைப் போட்டு அவர் காதருகே பிடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலையில் ஓட்டிக்கொண்டிருப்பார், எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மாமா விடவில்லை, திரும்பப் போடு என்றார். நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.