தம்பியை அழவைத்த அசைன்மென்ட்

போன வாரம் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். மாட்டவைத்தவர், என்னோடு படிக்கும் ஒரு டீச்சரம்மா.

ரிட்டயர்டு ஆனபின் ஆன்லைன் கல்லூரி ஒன்றில் கிறிஸ்தவ இறையியல் படிக்கிறேன் என்று இங்கே முன்பே பெருமையடித்திருக்கிறேன். இந்த முறை வந்த அசைன்மென்டுக்குப் புத்தகம் போதாது. பேச்சுவார்த்தை இல்லாத ஒருவரை நேரில் பார்த்து, சமாதானமாகி, அதை எழுத வேண்டும். வகுப்பின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வாரம் முடிவதற்குள் பதில் சொல்லாவிட்டால் மார்க் கிடையாது.

ஆளைத் தேட வேண்டியதில்லை. கோவில்பத்தில் என் தம்பி அந்தோணி இருக்கிறான். அவன் மகள், கருக்களாச்சேரியில் ஓர் இந்து மீனவக் குடும்பத்துப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாதது மட்டுமா? "அவ பேரையே என் வீட்டில சொல்லக் கூடாது" என்று உறவுக்காரர்கள் முன்னால் கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. இருவருக்கும் ஒரே சர்ச். ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நின்றுவிட்டால்? அதனாலேயே முதல் பூசைக்கு நான், இரண்டாம் பூசைக்கு அவன்.

தம்பி வீட்டுக்குப் போனேனா? இல்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, போனதாக எழுதினேன். தம்பி கதவைத் திறந்தான், அழுதான், கட்டிக்கொண்டான்… வகுப்பே உருகியது.

டீச்சரம்மா மட்டும் கேட்டிருந்தார்: "ஐயா, உங்க கட்டுரையைப் படிச்சிட்டு எங்க அக்காவுக்கு போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டாங்க. நீங்க முதல்ல என்ன வார்த்தை சொன்னீங்க? நானும் அதையே சொல்லிப் பார்க்கிறேன்."

என் கட்டுரையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை! இன்னொரு பொய் சொல்லலாம்தான். அதை நம்பி அந்த அம்மா மறுபடி போன் செய்வாரே?

கெடு முடியும் நாள் காலையில் கோவில்பத்துக்கு பஸ் ஏறினேன். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பிக்கு, என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"யாருண்ணே தவறிட்டாங்க?"

சாவுச் செய்தி இருந்தால்தான் நான் வருவேன் என்று…

"யாருமில்லப்பா" என்றேன். கட்டுரையைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன். கேட்டு முடித்துத் துணியை உதறினான்.

"அதுல நான் அழுதேனா?"

"ஆமா."

"நீங்க?"

"இல்ல…"

"சரியாப் போச்சு! பொய்யா எழுதுறப்பவும் நான்தான் அழணுமா?"

"தப்புப் பண்ணிட்டேன் அந்தோணி. மன்னிச்சிரு."

"என் பேரையாண்ணே சொல்லக் கூடாதுன்னீங்க? எம் பொண்ணு பேரை. அவகிட்ட போய்க் கேளுங்க. அப்புறம் இங்க வாங்க, டீ போடச் சொல்றேன்."

உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்தான் எனக்குக் கூசியிருக்கும்.

திரும்பி வந்து வகுப்பில் உண்மையை எழுதினேன். பேராசிரியர் மார்க்கை ரத்து செய்துவிட்டார். டீச்சரம்மாவிடமிருந்து பதிலே இல்லை. நியாயம்தான். ஒரு பொய்யை நம்பி அக்காவிடம் அவமானப்பட்டவர் அவர்.

என்னைப் போல் படித்தவர்களுக்கு வரும் வியாதி இது — மன்னிப்பைப் பற்றி நன்றாக எழுதிவிட்டால், மன்னிப்பு கேட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நாளைக் காலை கருக்களாச்சேரிக்குப் போகிறேன். அங்கே என்ன நடந்தது என்று இப்போதே எழுதி வைக்கவில்லை.