சாவு நோட்டீஸ்காரரின் வண்டி கண்ணடித்த கதை

விதோசாவ் வருகிறார் என்றால் லிப்னித்சாவில் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். ஊரில் எவர் இறந்தாலும் கறுப்புக் கட்டம் போட்ட தாளில் அவர் படத்தையும், அடக்கம் எத்தனை மணிக்கு என்பதையும் அச்சடித்துக் கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம் ஒட்டவேண்டும். அதுதான் விதோசாவின் தொழில். சவப்பெட்டிக் கடையில் தாள் கட்டை வாங்கிக்கொண்டு, மொராவா ஆற்றோரத்துப் பதினோரு கிராமங்களுக்கும் அவரே போவார். செர்பியாவில் பத்திரிகை படிக்காதவன்கூட இந்தத் தாளைப் படிக்காமல் ஒரு கம்பத்தைத் தாண்டமாட்டான். ஒட்டுகிற ஆளை மட்டும் ஒருத்தருக்கும் பிடிக்காது.

அவருடைய சின்னச் சிவப்புக் கார் தெருமுனையில் திரும்பினாலே பெண்கள் மூன்று தடவை துப்புவார்கள். ஆண்கள் கெட்டது அண்டாமலிருக்கக் கைக்குக் கிடைத்த மரத்தை விரல் முட்டியால் தட்டுவார்கள். மரம் கிடைக்காத ஒருவர் பக்கத்தில் நின்ற மச்சான் தலையைத் தட்டியதும் உண்டு. சாராயக் கடையில் விதோசாவ் உட்கார்ந்தால் அடுத்த மேசை காலியாகும். வாலிப வயசில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனார். உள்ளே படுத்துக்கிடந்த தாத்தா இவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் இல்லடா, போடா!" என்று கத்திவிட்டார். சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

இப்படியே முப்பது வருஷம். அவரும் அதற்குத் தோதாக முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். வணக்கம் சொல்வதில்லை, சொன்னாலும் பதில் வராது, வீணாக வாயை எதற்குத் திறப்பது என்று விட்டுவிட்டார்.

காரைப் பற்றியும் சொல்லவேண்டும். நாடு ஒன்றாக இருந்த காலத்தில் செய்த கார் அது. நாடு துண்டு துண்டாகிப் போயிற்று, கார் மட்டும் ஒரே துண்டாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விளக்குகள் ஒவ்வொன்றும் தனி நாடு. இடது முகப்பு விளக்குக்குள் மழைத் தண்ணீர் பாதி வரை நிற்கும், ஒரு மீன்குஞ்சு வாங்கிவிட்டால் போதும். வலது விளக்கு சாலையைப் பார்க்காமல் மரத்திலிருக்கும் காக்காயைப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்போடு மஞ்சளும் சேர்ந்து மின்னும். பின்னால் வருகிறவனுக்கு இந்த மனுஷன் நிற்கப்போகிறாரா, திரும்பப்போகிறாரா, திருவிழா நடத்துகிறாரா என்று விளங்காது. இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் தலைதெறிக்க டிக்டிக்கென்று அடித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் ஒரு பல்பு செத்து வருஷக்கணக்கில் ஆகிறது, அதற்கு மட்டும் அவர் நோட்டீஸ் ஒட்டவில்லை. பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சாக்லேட் சுற்றிய காகிதம் இருந்தது.

இந்த லட்சணத்தில் வருஷா வருஷம் அரசாங்கச் சோதனையில் கார் தேறியதற்குக் காரணம் மெக்கானிக் குவோஸ்தென். சோதனைக்கு முதல் நாள் எதையோ முறுக்கி, எதையோ ஒட்டி, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எல்லாம் எரியும்படி செய்துவிடுவார்.

போன வசந்த காலத்தில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் விளக்கு சுவிட்சு உள்ளே தேய்ந்துபோய், கார் குழியில் இறங்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாகவே இரண்டு தரம் பளிச் பளிச்சென்று மின்னியது. பகல் வெளிச்சத்தில் உள்ளே இருந்த விதோசாவுக்கு அது தெரியவில்லை. எதிரே வந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தச் சாலையில் எதிரே வருகிறவன் இரண்டு தரம் விளக்கை மின்னினால் அதற்கு ஒரே பொருள்தான்: வளைவுக்கு அப்பால் போலீஸ் நிற்கிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் விளக்கை அடித்துவிடுவார்கள். அடிக்காதவனை மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. விதோசாவ் தன் ஆயுளில் ஒரு தடவைகூட அடித்ததில்லை. சீருடையைக் கண்டாலே அவருக்குப் பயம். தபால்காரர் வந்தாலே எழுந்து நிற்கிற ஆள்.

முதலில் ஒரு லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, கையைத் தூக்கிக் கும்பிடு போட்டான். விதோசாவ் யாருக்கோ என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. மறுநாள் இரண்டு பேர். அந்த வாரக் கடைசியில் எதிரே வந்த பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அவர் முகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். வளைவு தாண்டிப் போலீஸைக் காணாதவர்கள், "இப்பத்தான் கிளம்பியிருப்பான்" என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சாலையில் குழிகளுக்கா பஞ்சம்? மின்னல் குறையவே இல்லை.

விஷயத்தை உடைத்தவள் யகோதா. வெள்ளை வேனில் சந்தைக்குப் பாலாடை கொண்டுபோய் விற்கிறவள், வேனைப் பறக்கவிடுகிறவள், வாயும் அப்படியே. சந்தை வாசலில் விதோசாவின் காரை மறித்து நிறுத்தினாள்.

"ஏன்யா விதோசாவ், முப்பது வருஷமா உன்னைக் கண்டா காறித் துப்பியிருக்கேன். இன்னைக்கு நீ மட்டும் விளக்கு அடிக்கலேன்னா அந்தப் போலீஸ்காரன் ராங்கோ என்னை உரிச்சிருப்பான். அங்கேயே நின்னான்யா, பிளம் காயப்போடற கொட்டகைக்குப் பின்னாடி!"

"நானா? விளக்கா?"

"அடக்கத்தைப் பாரு! இந்தா, புடி."

ஒரு டப்பாப் பாலாடையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். முப்பது வருஷத்தில் செத்தவர் படத்தைத் தவிர அவர் கையில் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அன்று சோளரொட்டியில் தடவித் தடவி முழு டப்பாவையும் தின்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். சாராயக் கடையில் அடுத்த மேசை காலியாகவில்லை, அவர் மேசைக்கே ஆள் வந்தது. "எங்க விதோசாவ்" என்று ஒருவன் தோளில் கை போட்டான். சனிக்கிழமை தவறாமல் யகோதாவின் டப்பா வந்தது. விதோசாவும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். பழக்கமில்லாததால் பல்வலிக்காரர் மாதிரி இருந்தது, ஆனாலும் விடவில்லை. இவ்வளவு நாள் தனக்கு மனுஷர்களே வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது முழுப் பொய் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

ஜூன் மாதம் சோதனைக்கு முன்னால் காரைப் பார்த்த குவோஸ்தென், சுவிட்சைக் கழற்றிப்போட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, ஊரே உங்களைக் கொண்டாடுது. அடிச்சது நீங்க இல்லையா? குழியில விழுந்தா இதுவே அடிக்குது!"

"அதை மட்டும் தொடாதே, குவோஸ்தென்."

"தொடாம? இந்த வருஷம் சோதனைக்குப் புது ஆள் வந்திருக்கான். பல்பை நக்கிப் பாக்கற ரகம். ஒண்ணு எரியலேன்னாலும் நம்பர் பலகையைக் கழட்டிடுவான். அப்புறம் கழுதை மேல போய்த்தான் நோட்டீஸ் ஒட்டணும்."

"அப்ப எல்லாத்தையும் பண்ணு, அதை மட்டும் விட்டுடு."

"அதுதான்ணே முதல்ல மாட்டும்."

விதோசாவ் ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கார் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. சுவிட்சு போனால் கும்பிடு இல்லை. கடைசியில் கையை உதறி, "பண்ணித் தொலை" என்றார். குவோஸ்தென் காயலாங்கடையில் செத்துக்கிடந்த இன்னொரு காரின் விளக்கு, சுவிட்சு, ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டினார். பின்னால் துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி எர்த் ஒயரைப் புதிதாகப் பூட்டினார். சோதனைக்காரன் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "விளக்குகள்: குறை இல்லை" என்று எழுதி முத்திரை குத்தினான். அந்தக் காருக்குப் பிறந்ததிலிருந்து நியாயமாகக் கிடைத்த முதல் நற்சான்று அது.

அடுத்த வாரம் முழுக்க ஒரு கைகூட உயரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் ராங்கோ நிற்பதை விதோசாவ் கண்ணாரப் பார்த்தார். பழைய பயம், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே போனார். எதிரே பறந்து வந்தது வெள்ளை வேன். சாயங்காலமே யகோதா சாராயக் கடைக்குள் புகுந்தாள்.

"எதுக்க வந்தியே, விளக்கு அடிச்சா கை ஒடிஞ்சிடுமா? அபராதம் தீட்டித் தள்ளிட்டான்யா எனக்கு! என் பாலாடையைத் தின்ன வாய்தானே இது?"

விதோசாவ் வாயைத் திறந்தார். ஒயர் என்று சொன்னால் இத்தனை நாள் பெயர் போகும். பயம் என்று சொன்னால் மானம் போகும். சாராயக் குவளையை எடுத்து அந்த வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"போலீஸுக்கு ஆளாயிட்டான்" என்று ஒருவன் முனகினான். அடுத்த மேசை காலியானது. கதவருகே யாரோ மரத்தைத் தட்டினார்கள். முப்பது வருஷம் வலிக்காத அந்தச் சத்தம் அன்றைக்கு வலித்தது.

சனிக்கிழமை காலை. கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு போலீஸ்காரர் வேகம் பார்க்கும் கருவியோடு நின்றார். விதோசாவ் அவரைத் தாண்டினார். தூரத்தில் வெள்ளை வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. பழைய பயம் வழக்கம்போல வந்தது. வரட்டும் என்று சுவிட்சை இழுத்தார். இரண்டு தரம். போதாதோ என்று இன்னும் மூன்று தரம்.

வேன் வேகம் குறைத்து நகர்ந்தது. அதற்குப் பின்னால், கூட்டாளிக்குச் சுடச்சுட இறைச்சி அடை வாங்கிக்கொண்டு, போலீஸ் காரில் ராங்கோ வந்துகொண்டிருந்தான். ஐந்து மின்னலும் நேராக அவன் முகத்தில்.

ராங்கோ காரைக் குறுக்கே நிறுத்தி இறங்கினான். என்ன ஆயிற்று என்று பார்க்க யகோதாவும் வேனை ஓரம் கட்டிவிட்டு வந்தாள்.

"விதோ மாமா, போலீஸ் இருக்குன்னு போலீஸுக்கே சொல்றீங்களே!" ராங்கோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்படி அடிச்சா அபராதம், தெரியுமில்ல? சரி, விடுங்க. உங்க வண்டி குழியில விழுந்தா தானா கண்ணடிக்கும், வசந்த காலத்துலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். ஊர்தான் உங்களைப் பெரிய மனுஷனாக்கிடுச்சு. ஒயர் லூஸுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிடறேன். அடை ஆறுது."

யகோதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு விதோசாவையே பார்த்தாள்.

தலையை ஆட்டினால் போதும், தப்பிக்கலாம். விதோசாவ் காரிலிருந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்து விரித்து ராங்கோவின் கையில் கொடுத்தார்.

"படிப்பா. விளக்குல குறை இல்லைன்னு முத்திரை போட்டிருக்கு. முன்னாடி அடிச்சதெல்லாம் வண்டி. இன்னைக்கு அடிச்சது நான். எழுதிக்கோ."

"மாமா, யோசிச்சுச் சொல்லுங்க."

"வேணும்னே அடிச்சான்னு எழுது. பேரை முழுசா எழுது."

ராங்கோ பெருமூச்சு விட்டு எழுதினான், தாளைக் கிழித்துக் கொடுத்தான், அடையைக் காப்பாற்றப் போய்விட்டான். சாலையில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"அப்ப இத்தனை நாளா நான் ஒரு ஒயருக்கா பாலாடை குடுத்தேன்?" என்றாள் யகோதா.

"ஆமா."

"தின்னது யாரு?"

"நான்தான்."

யகோதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேனின் பின்கதவைத் திறந்தாள். இருப்பதிலேயே பெரிய டப்பாவாக ஒன்றை எடுத்து வந்தாள்.

"அதெல்லாம் ஒயருக்குக் குடுத்தது. இந்தா, இது உனக்கு."

விதோசாவ் அதை முன் இருக்கையில், நோட்டீஸ் கட்டின் மேல் வைத்தார். வெயிலில் உருகிவிடுமே என்று முதலில் வீட்டுக்குத்தான் போனார். நோட்டீஸில் இருந்தவருக்கு ஒன்றும் அவசரம் இல்லை.